மலையின் சுவை யாருக்கு உரியது?

மனிதன் உண்பதற்காக உழைத்த காலம் நெடியது. உண்பதற்காகவே பயணம் செய்யும் காலம் புதியது. நம் முன்னோர் பொருள் தேடியும், கல்வி நாடியும், திருத்தலங்களைத் தரிசிக்கவும் நெடுவழி நடந்தனர். கட்டுச்சோறு தீர்ந்தபின் அந்தந்த ஊர்ச் சத்திரத்தில் கிடைத்ததே அவர்களுக்கு விருந்து. இன்றோ வசதி படைத்தோர் சிலருக்கு உணவே பயணத்தின் நோக்கமாகிவிட்டது. ஒரு மலையில் முளைக்கும் கீரையை அம்மலையிலேயே அமர்ந்து உண்ணவேண்டும். ஒரு கடலில் பிடிபட்ட மீனை அக்கடலைப் பார்த்தவண்ணம் சுவைக்கவேண்டும். அதன்பொருட்டு விமானம் ஏறிப் பல்லாயிரம் மைல் செல்லவும், ஓர் எளிய குடும்பத்தின் பல மாத உணவுச் செலவை ஒரு வேளை விருந்துக்கு ஈடாகக் கொடுக்கவும் அவர்கள் சித்தமாயிருக்கின்றனர்.

இதனைச் செல்வர்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடுதல் தகாது. இதனுள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. ஓரிடத்தின் சுவை யாருக்கு உரியது? அதனை விலைக்கு வாங்க முடியுமா? வாங்குவோர் எதனைப் பெறுகின்றனர், விற்போர் எதனை இழக்கின்றனர்? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வகைப் பயணத்துக்கு நம் காலத்தில் பெரும் புகழ் சேர்த்தவை ஐரோப்பாவின் வடகோடி நாடுகளாம். டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் 2003ஆம் ஆண்டு 'நோமா' என்னும் உணவகம் தோன்றியது. மறு ஆண்டு அந்நாடுகளின் சமையற் கலைஞர் பன்னிருவர் கூடிப் பத்து நெறிகள் கொண்ட ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். தங்கள் நிலத்துக்கும் நீருக்கும் பருவத்துக்கும் இயல்பான பொருள்களையே தங்கள் சமையலுக்கு அடிப்படையாகக் கொள்ளவேண்டும் என்பது அவ்வறிக்கையின் கருத்து. கடற்பாசி, காட்டுப்பழம், மரப்பாசி, எறும்பு ஆகியவையும் விருந்துத் தட்டில் இடம்பெற்றன. சுவீடனில் யேம்ட்லாண்டு என்னும் குளிர்ப் பகுதியில், நகரங்களுக்கு வெகு தொலைவில் இருந்த 'ஃபேவிக்கன்' என்னும் சிறிய உணவகத்தையும் உலகத்தார் தேடிச் சென்றனர். அது 2019இல் மூடப்பட்டது.

இம்முயற்சியில் நன்மை இல்லையென்று நாம் கூறமாட்டோம். அயல்நாட்டுப் பண்டமே உயர்ந்தது, தம் மண்ணில் விளைவது தாழ்ந்தது என்று எண்ணியிருந்த மக்களுக்கு இது தன்மதிப்பை அளித்தது. காட்டையும் கடலையும் உற்று நோக்கும் பழக்கம் வளர்ந்தது. ஆயினும் இதன் மறுபக்கமும் வெளிப்படாமற் போகவில்லை. நோமாவின் நுண்ணிய வேலைப்பாடுகளில் பெரும்பகுதியை ஊதியமின்றிப் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் நெடுங்காலம் செய்துவந்தனர். 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேதான் அவர்களுக்கு ஊதியம் வழங்கப்படலாயிற்று. 2023 ஜனவரியில், இம்முறையில் உணவகத்தை இனித் தொடர்ந்து நடத்துதல் இயலாது என்று அதன் தலைவரே அறிவித்தார். நிலத்தின் பெயரால் நிகழும் விருந்திலும் அதனை ஆக்கித்தரும் கைகள் மறக்கப்படக்கூடும் என்பது இதனால் விளங்குகிறது.

இக்கேள்வியை இனி நம் நாட்டு மலையொன்றுக்குக் கொண்டுவருவோம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுர வழியாகச் சென்றால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பொன்முடி நிற்கிறது. கல்லாற்றைக் கடந்தபின் சாலை இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளாக மேலேறுகிறது. உச்சி சுமார் 1,100 மீட்டர் உயரம். தேயிலைத் தோட்டங்களும் புல்வெளிகளும் மழைக்காடும் மூடுபனியும் சேர்ந்து அதற்கு ஓர் அமைதியான அழகைத் தருகின்றன. அதே மலைத்தொடரில் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்பது அகத்தியர்கூடம்.

இம்மலைப் பகுதி தமிழ்ப் பௌத்தருக்குப் புதியதன்று. அகத்தியர் தமிழைக் கற்றது அவலோகிதரிடத்தில் என்று கூறுவது பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியம். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், தென்கோடியில் மலய மலையை அடுத்துப் போதலகம் என்னும் அவலோகிதரின் மலை இருப்பதாகக் குறித்துள்ளார். அது பொதிகையே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அவலோகிதர் கருணையின் வடிவமாகப் போற்றப்படுபவர். கருணையோடு இணைத்து எண்ணப்பட்ட மலையிலே, அம்மலையின் உணவைப் பற்றிய அறத்தை ஆராய்தல் பொருத்தமேயாகும்.

பொன்முடியைச் சூழ்ந்த நாட்டின் உணவு எது? மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும், குடம்புளியிட்ட மீன்குழம்பும், பலாவும், மிளகும், மலைத்தேனும், காட்டுக்கிழங்குகளும் என்று எவரும் சொல்லுவர். நகரத்து நட்சத்திர விடுதிகளிலும் இன்று மரவள்ளியும் மீனும் வாழையிலையில் வைத்து 'நாட்டு விருந்து' எனப் பரிமாறப்படுகின்றன. ஆனால் மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. விசாகம் திருநாள் மகாராஜா 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில், ஏழைகளின் பசி தீர்க்கும் பயிர் என்று கருதி அதனை மக்களிடையே பரப்ப ஊக்கமளித்தார். இரண்டாம் உலகப்போரின்போது பர்மா அரிசி வரவு நின்றபொழுது திருவிதாங்கூர் மக்கள் பலரின் உயிரைத் தாங்கியது இக்கிழங்கே. பொன்முடிச் சரிவை மூடிய தேயிலையும் சீனத்திலிருந்து வந்து வெள்ளையர் தோட்டங்களில் வேரூன்றியதே.

இதிலிருந்து இரண்டு உண்மைகளை நாம் அறிகிறோம். முதலாவது, எந்த மலைக்கும் தானே தனியாக அமைந்த சுவை என்று ஒன்றில்லை. மண்ணும் மழையும், கடல் கடந்து வந்த விதையும், நட்டவன் உழைப்பும், சமைத்தவள் கைப்பழக்கமும், பசியின் நினைவும் ஒன்றையொன்று சார்ந்தே ஒரு சுவை தோன்றுகிறது. சார்பினால் தோன்றுவதைத் தனிப்பொருளாகக் கருதிக் கைப்பற்ற முயல்வது அறியாமை என்பது பகவான் புத்தர் காட்டிய நெறி. தட்டில் உள்ளதற்கு விலை கொடுத்துவிட்டதனால் அதன் சார்புகள் அனைத்துக்கும் விலை கொடுத்துவிட்டோம் என்று எண்ணுபவர் இவ்வறியாமைக்கே ஆளாகின்றார்.

இரண்டாவது, ஒரே உணவு ஒருவனுக்குப் பசிப்பிணி மருந்தாகவும் மற்றொருவனுக்கு ஆடம்பரமாகவும் இருத்தல் கூடும். கிழங்கு மாறவில்லை, உண்பவன் உள்ளமும் அவனுக்கும் ஊருக்கும் உள்ள உறவுமே மாறின. ஆதலால் எப்பண்டத்தை உண்பது என்று மட்டும் கேட்டால் அறத்துக்கு விடை கிடைக்காது. எவ்வாறு பெற்று உண்பது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இதனை விளக்க இம்மலைகளிலேயே நிகழ்ந்த ஒரு வரலாறு உண்டு. அகத்தியமலைக் காடுகளில் வாழும் பழங்குடியினர் காணிக்காரர். 1987 டிசம்பரில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆராய்ச்சியாளர் குழுவொன்று காணிக்காரரை வழிகாட்டிகளாகக் கொண்டு காட்டில் ஏறியது. ஆராய்ச்சியாளர் களைத்துச் சோர்ந்தனர். காணிக்காரரோ இடையிடையே சிறு கனிகளை மென்றுகொண்டு சோர்வின்றி நடந்தனர். அக்கனியை விருந்தினர்க்கும் கொடுத்தனர். உண்டவர்களின் களைப்பு நீங்கியது. எச்செடியின் கனி என்று கேட்டபோது அவர்கள் தயங்கினர். அது தங்கள் முன்னோர் வழிவந்த அறிவாதலின் பிறருக்கு எளிதில் வெளியிடுவதில்லை. பின்னரே ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியைக் காட்டினர்.

பொன்முடிக்குச் செல்லும் நாட்டிலேயே பாலோடு என்னுமிடத்தில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அச்செடியை ஆராய்ந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. அதனைத் தயாரிக்கும் உரிமை 1995இல் கோயமுத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உரிமைத்தொகை பத்து இலட்சம் ரூபாய்; விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்கு காப்புரிமைப் பணம். இவற்றில் பாதியைக் காணிக்காரருக்கு அளிப்பதென நிலையம் முடிவு செய்தது. 1997இல் காணிக்காரரின் நலனுக்கென ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999இல் ஐந்து இலட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகை அதனிடம் சேர்ந்தது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகோர் இதனைப் பாராட்டினர். பாராட்டுக்கு உரியதே. அறிவைப் பெற்றுக்கொண்டு அதற்கு உரியவரை மறந்துவிட்ட வரலாறுகளே உலகில் மிகுதி.

ஆயினும் நல்லெண்ணத்தோடு தொடங்கிய அம்முயற்சியும் இடர்ப்பட்டது. மருத்துவ அறிவைக் காக்கும் உரிமை பெற்ற 'பிலாத்தி' எனப்படும் மலைவைத்தியர்கள் சிலர், தம்மைக் கேளாமலே அறிவு விற்கப்பட்டது என்று எதிர்ப்புத் தெரிவித்தனர். மற்றொன்றும் நிகழ்ந்தது. காணிக்காரர் உண்டது கனி. மருந்துக்கு வேண்டப்பட்டதோ இலை. கனியைப் பறிப்பவன் செடியை விட்டுச் செல்கிறான். இலைக்குச் சந்தை உண்டான பின்போ, நிழலடர்ந்த காட்டில் மட்டுமே நன்கு வளரும் அச்சிறு செடி வேரோடு பிடுங்கப்படலாயிற்று. வனத்துறையினர் அதனைத் தடுக்க முற்பட்டனர். அதன் விளைவாக, அச்செடியை உலகுக்குக் காட்டிய காணிக்காரரே அதனைச் சேகரித்து விற்க முடியாத நிலையும் நேர்ந்தது.

இவ்வரலாற்றில் தீயோர் எவரையும் நாம் காணவில்லை. களைத்தவனுக்குக் கனி கொடுத்தது தானம். அத்தானம் சரக்காக மாறியபோது அதற்கு இயல்பாக அமைந்திருந்த அளவு மறைந்தது. நடப்பவனின் களைப்பு எவ்வளவோ அவ்வளவே கனி பறிக்கப்பட்டது. சந்தையின் களைப்புக்கோ எல்லையில்லை. ஒரு மலையின் அரிய உணவைத் தொலைநாட்டு விருந்தினர் நாடிவரும்போதும் இதுவே நேரும். காட்டுத்தேனும் கிழங்கும் காட்டாற்று மீனும் விருந்துப் பட்டியலில் ஏறிய நாள் முதல், அவற்றை எடுக்கும் அளவைத் தீர்மானிப்பது மலைவாழ்வோரின் பசியன்று, தொலைவில் இருப்போரின் விருப்பமே.

'அவ்வாறாயின் சுவையான உணவே குற்றமா? துறவியைப் போல் அனைவரும் நாவை ஒறுக்கவேண்டுமா?' என்று சிலர் கேட்கக்கூடும். பகவர் அவ்வாறு கூறவில்லை. உடலை வாட்டும் கடுந்தவத்தைக் கைவிட்டுச் சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்றவர் அவர். இல்லறத்தார் அழைத்தபோது அவர்தம் மனைகளுக்குச் சென்று அவர்கள் அன்புடன் படைத்த நல்லுணவை உண்டார். அவர் கடிந்தது அளவறியா வேட்கையை. கோசல நாட்டு மன்னன் பசேனதி துரோணம் என்னும் பேரளவுச் சோற்றை உண்டு மூச்சுத் திணறியபடி அவர்முன் வந்து அமர்ந்த வரலாறு பிடகத்தில் உள்ளது. அளவறிந்து உண்பதன் நன்மையைக் கூறும் ஒரு செய்யுளைப் பகவர் உரைத்தார். மன்னன் இளைஞன் ஒருவனை அதனைக் கற்குமாறு பணித்து, உண்ணும்போதெல்லாம் ஓதுமாறு செய்தான். அதற்கென நாள்தோறும் நூறு காசு கொடுத்தான். காலப்போக்கில் துரோணம் குறைந்து நாழி ஆயிற்று. மன்னனின் உடல் நலம் பெற்றது. அவனுடைய உணவு பறிக்கப்படவில்லை, அளவுதான் நினைவூட்டப்பட்டது.

பிக்குகளின் விநயத்திலும் கருதத்தக்க ஒரு விதி உண்டு. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம், மீன், இறைச்சி, பால், தயிர் என்னும் ஒன்பதும் உயர்ந்த உணவாக அதில் எண்ணப்படுகின்றன. நோயற்ற பிக்கு இவற்றைத் தனக்கென்று கேட்டுப் பெற்று உண்பது குற்றம். கேளாமலே இல்லத்தார் இட்டால் அது வேறு. விலக்கப்பட்டது பண்டம் அன்று, அப்பண்டத்தை வேண்டும் கோரிக்கையே என்பது இதனால் பெறப்படும்.

இவ்விதியின் நுட்பத்தைச் சிறிது சிந்திப்போம். ஊருணவை ஊரிலேயே உண்பவர்களில் முதலானவர் யார்? ஓடேந்தி வீதியில் நடக்கும் பிக்குவேயன்றோ! அன்று அவ்வூரில் எது விளைந்ததோ, அவ்வீட்டில் எது சமைத்ததோ அதுவே அவர் உணவு. கிழங்கு வெந்த வீட்டில் கிழங்கும், கஞ்சி காய்ச்சிய வீட்டில் கஞ்சியும் அவருக்குக் கிடைக்கும். பெரும் பொருள் செலவிட்டு மலையேறும் செல்வரும் அதே கிழங்கைத்தான் உண்கிறார். வெளித்தோற்றத்தில் இருவர் உணவும் ஒன்றே. ஆனால் பிக்கு வீட்டில் உள்ளதைப் பெறுகிறார், வீடு மாறுவதில்லை. செல்வரோ தாம் எண்ணி வந்ததைக் கேட்கிறார். கேட்டதைத் தருவதற்காக வீடு மாறுகிறது, தோட்டம் மாறுகிறது, காடும் மாறுகிறது. பிக்கு ஒவ்வொரு வீட்டிலும் சிறிது பெறுவது எந்த வீட்டுக்கும் சுமையாகாதிருக்கும் பொருட்டு.

'விருந்தினரின் பணம் மலைமக்களுக்கு வாழ்வு தருமே. அதனைத் தடுப்பது கருணையா?' என்பது மற்றொரு கேள்வி. இது வலிமை வாய்ந்த கேள்வி. இதனை நாம் மதிக்கிறோம். கேரளத்தில் 2008ஆம் ஆண்டு முதல் குமரகத்தில், அங்குள்ள விடுதிகளுக்கு வேண்டிய காய்கறிகளைக் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் உள்ளூர் உழவர்களும் விளைவித்துக் கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. தரிசாய்க் கிடந்த நிலங்கள் பயிரேறின. அட்டப்பாடிப் பழங்குடி மகளிர் பச்சிலைகளோடு சேர்த்துச் சமைக்கும் 'வனசுந்தரி' என்னும் கோழிக்கறி, 2023 நவம்பரில் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற கேரளீயம் விழாவில் மக்களின் பெருவிருப்பத்தைப் பெற்றது. அங்கே சமைத்தவரும் அவர்களே, விற்றவரும் அவர்களே, பெயர் பெற்றவரும் அவர்களே. இத்தகைய வாணிபத்தை நாம் வரவேற்கிறோம்.

எனினும் அதே அட்டப்பாடியின் மற்றொரு செய்தியையும் மறத்தலாகாது. 2013இல் அங்குப் பழங்குடிப் பச்சிளங்குழந்தைகள் பலர் அடுத்தடுத்து மாண்டனர். தாய்மாரின் இரத்தசோகையும் ஊட்டக்குறைவும் காரணங்களுள் முதன்மையாகக் கூறப்பட்டன. நிலம் கைமாறி, ராகியும் சாமையும் தினையும் விளைந்த மலைக்காடு சுருங்கியபின், அம்மக்களின் பழைய உணவு அவர்கள் அடுப்பிலிருந்தே மறைந்துபோயிற்று. பின்னர் சமூக சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. 2017இல் சிறுதானியங்களை மீண்டும் பயிரிடும் அரசுத் திட்டம் தொடங்கியது. ஒரு மக்களின் உணவு ஊரார் விழாவில் புகழ்பெறுவதும், அவர்தம் இல்லத்தில் அருகிப்போவதும் ஒரே மண்ணில் நிகழக்கூடும் என்பதை இது நமக்கு உணர்த்துகிறது. விழாவின் புகழ் மட்டும் கண்ணிற்பட்டால் நாம் பாதி உண்மையே கண்டவராவோம்.

ஆகவே பொன்முடிக்கோ வேறு எம்மலைக்கோ சுவை நாடிச் செல்பவர் தம்மைத் தாமே கேட்கத்தக்க கேள்விகள் மூன்று. இவ்வுணவைச் சேகரித்தவர் வீட்டில் இன்று இவ்வுணவு உண்டா? இதனை அறிந்து காத்தவரைக் கேட்டு, அவர் மனம் ஒப்பிய பின்னர் இது எடுக்கப்பட்டதா? நாம் உண்டது போல் நாளை வருபவரும் உண்டால் இம்மலை தாங்குமா? இம்மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்குமாயின் அவ்விருந்து பெருவிலை பெற்றதாயினும் குற்றமற்றது. ஒன்றுக்கேனும் இல்லை என்னும் விடை வருமாயின், அது சிறுவிலையில் கிடைத்த எளிய உணவாயினும் பிறர் பங்கே.

இவ்வினாக்களை விடுதி நடத்துவோரும் அரசினரும் கேட்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. பங்கு முறையைச் சட்டம் வகுக்கலாம். பறிக்கும் அளவை வனத்துறை வரையறுக்கலாம். ஆனால் உண்பவரின் உள்ளத்தில் எழும் விருப்பத்துக்கு எச்சட்டமும் அளவு குறித்தல் இயலாது. பசேனதிக்குச் செய்யுள் ஓதிய இளைஞனைப் போல், உண்ணும் நேரத்தில் நம் அருகே நின்று அளவை நினைவூட்டும் அறிவு ஒன்று நமக்கு வேண்டும்.

மணிமேகலையின் அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை. அப்பாத்திரம் அள்ள அள்ளக் குறையாதிருந்தது பசித்தோர்க்கு ஈந்தபோது. மலையும் ஒருவகையில் அமுதசுரபியே. மலையில் வாழும் மக்களின் பசி முதலில் தீர்ந்து, பின்னர் வழிநடந்து களைத்தவர்க்கு அவர்கள் விரும்பி ஈயும் வரையில் அது குறைவதில்லை. அவ்வரிசையை மாற்றி, வந்தவர் முதலில் உண்டு வாழ்பவர் எஞ்சியதைப் பெறும்படி செய்தால் அது விரைவில் வற்றிவிடும். பொன்முடியின் பனியையும் காற்றையும் கிழங்கின் சுவையையும் நாடிச் செல்லும் அன்பர்கள் இவ்வரிசையை மனத்திற்கொண்டு செல்வார்களாக.